கழற்றி வைத்த பிரதிதான் காப்பாற்றும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நம் குடியிருப்பில் வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆடிட்டர்கள், ஆன்லைனில் சேலை விற்பவர்கள், டியூஷன் எடுப்பவர்கள், சிறு ஒப்பந்ததாரர்கள். நம் சங்க அலுவலகத்திலும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. பராமரிப்புக் கட்டண ரசீது, கார்ப்பஸ் நிதிக் கணக்கு, லிஃப்ட் ஒப்பந்தம் எல்லாம் அதில்தான்.

நாளைக் காலை அதைப் போட்டால் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. "பணம் கட்டினால்தான் திறப்போம்" என்று திரையில் ஓர் அறிவிப்பு மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் ரான்சம்வேர். நம் வீட்டுக்குள் வந்து நம் பீரோவைப் பூட்டிவிட்டு, சாவிக்கு நம்மிடமே விலை பேசுவது.

"அதற்குத்தான் பேக்கப் வைத்திருக்கிறோமே" என்பீர்கள். நல்லது. அது எங்கே இருக்கிறது? கம்ப்யூட்டரிலேயே எப்போதும் செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் என்றால், வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே விட்டதற்குச் சமம். உள்ளே நுழைந்த ரான்சம்வேர் சி டிரைவோடு நிற்காது. செருகியிருக்கும் டிஸ்க், நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர் என்று கைக்கு எட்டியதையெல்லாம் பூட்டும். விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் பழைய பிரதிகளையும் தேடி அழிக்கும்.

இதற்கு ஓர் உண்மைச் சம்பவம் சொல்கிறேன். 2017 ஜூன் 27 அன்று டென்மார்க்கைச் சேர்ந்த மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை நாட்பெட்யா தாக்கியது. பணம் கேட்கும் ரான்சம்வேர் போல வேடம் போட்டாலும், அது அழிப்பதற்கென்றே எழுதப்பட்டது. யார் எந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழையலாம் என்ற விவரங்களை வைத்திருக்கும் சர்வர்கள் அந்த நிறுவனத்துக்கு உலகம் முழுக்கச் சுமார் 150 இருந்தன. ஒன்றுக்கொன்று பிரதி, ஒன்று போனால் இன்னொன்று உண்டு என்ற நம்பிக்கை. ஆனால் எல்லாம் ஒரே வலையில் இணைந்திருந்ததால் சேர்ந்தே அழிந்தன. கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. காரணம், அங்கே அப்போது மின்வெட்டு! அந்த ஒரு பிரதியை வைத்துத்தான் மீண்டும் எழுந்தார்கள். பத்து நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது.

அவர்களுக்குத் தற்செயலாக நடந்ததை நாம் திட்டமிட்டுச் செய்யலாம்.

முதலில், இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் மற்றொன்று. பேக்கப் முடிந்ததும் கழற்றி விடுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செருகவே கூடாது.

அடுத்து, கிளவுட். கம்ப்யூட்டரில் உள்ள ஃபோல்டர் தானாகவே கிளவுடுக்குப் போகும் வசதியை மட்டும் நம்ப வேண்டாம். சம்ப்பில் சாக்கடை கலந்தால் மோட்டார் அதையும்தானே மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும்? அப்படித்தான் பூட்டப்பட்ட ஃபைலும் மேலே போய்விடும். பழைய பதிப்புகளை எத்தனை நாள் வைத்திருக்கிறது, அவற்றை எப்படி மீட்பது என்று உங்கள் சேவையில் இன்றே பாருங்கள். அந்தக் கணக்குக்குத் தனி பாஸ்வேர்டும் ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பும் இருக்கட்டும்.

மூன்றாவது, பலரும் விட்டுவிடுவது: மீட்டுப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் அந்த டிஸ்க்கைச் செருகி, போன மாத டேலி கணக்கைத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் இருந்தும் இல்லாததுதான்.

ஒருவேளை தாக்குதல் நடந்துவிட்டால், உடனே நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பதற்றத்தில் பேக்கப் டிஸ்க்கைக் கொண்டுவந்து செருகிவிடாதீர்கள், அதுவும் போய்விடும். தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் புகார் செய்யுங்கள். பணம் பறிபோயிருந்தால் 1930-ஐ அழையுங்கள். யூரோபோலும் நெதர்லாந்து காவல் துறையும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசமாகவே சாவி கிடைக்கும்.

பணம் கட்டினால் முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 2021-இல் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனம் சுமார் 44 லட்சம் டாலர் கட்டியது. கிடைத்த மென்பொருள் அவ்வளவு மெதுவாக வேலை செய்ததால், கடைசியில் தங்கள் சொந்த பேக்கப்பைத்தான் நாடினார்கள்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். செயலாளரிடம் ஒரு டிஸ்க், பொருளாளரிடம் ஒரு டிஸ்க் இருக்கட்டும். எந்தத் தேதியில் எடுத்தது, எந்தத் தேதியில் திறந்து பார்த்தது என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்திடட்டும். ஜெனரேட்டரை அவ்வப்போது ஓட்டிப் பார்த்து எழுதுகிறோம் அல்லவா? அதே பழக்கம்தான். இதில் இருப்பது நம் எல்லோருடைய பணத்தின் கணக்கு.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பேக்கப் எடுங்கள், கழற்றுங்கள், தனியே வையுங்கள்.