மதகில் கிடந்த கல்



கருத்தரங்கொன்றிற் பங்குபற்றுதற்பொருட்டு அண்மையிற் காலி நகருக்குச் சென்றிருந்தேன். அலுவல் நண்பகலோடு முடிந்துவிட்டது. மாலைப் புகைவண்டிக்கு நேரமிருந்தமையால் கோட்டைக்குள்ளே கால்போன போக்கில் நடக்கலானேன். வழிகாட்டியொருவரை அமர்த்திக்கொள்வது எனக்குப் பிடிப்பதில்லை. அவர் காட்டுவதை மட்டுமே கண்டு திரும்ப நேரிடும்.

பழைய வாயிலின் உட்புறத்தே ஒல்லாந்தக் கும்பினியின் இலச்சினையும், உரோம எண்களில் 1669 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. மேலே ஒரு சேவல் நிற்கின்றது. இந்தச் சேவல் எங்கிருந்து வந்தது? சிங்களத்தில் 'கல' என்றால் பாறை; போர்த்துக்கீசரின் மொழியில் 'காலோ' என்றால் சேவல். ஊர்ப்பெயரைக் கேட்ட காதின் மயக்கத்தால் சேவல் வந்து ஏறிக்கொண்டது என்பர்.

உள்ளே 'லெய்ன் பான்' என்றொரு வீதி உண்டு. பெயரின் பொருள் விளங்காமையால், திண்ணையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் வினவினேன். அவர் பொறுமையோடு கேட்டு முடித்துவிட்டு, "ஐயா யாழ்ப்பாணமா? தமிழிலேயே கேளுங்களேன்" என்றார். எனக்கு நாணமாய்ப் போய்விட்டது. கோட்டைக்குள் வாழும் முஸ்லிம் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர் அவர். கப்பலுக்கு வேண்டிய கயிறு திரித்த இடமாதலின் ஒல்லாந்தர் அப்பெயரிட்டனர் என்று விளக்கினார். அப்போது ஓடிவந்த பேரனிடம் அவர் தமிழில் ஏதோ கேட்க, சிறுவன் சிங்களத்தில் மறுமொழி கூறிவிட்டு ஓடிவிட்டான். "படிப்பெல்லாம் அதிலேதான்" என்று மெல்லச் சொன்னார். அதில் முறைப்பாடு எதுவும் இல்லை. ஆயினும், ஆசிரியத் தொழிலில் முதிர்ந்த என் மனம் அவ்விடத்திலேயே சற்று நின்றுவிட்டது.

விடைபெறும்போது, "மதகுக்குப் போட்டிருந்த எழுத்துக்கல்லின் கதை தெரியுமா?" என்று அவர் கேட்டார். தெரியும் என்றேன். ஆனால் எனக்குத் தெரிந்தது பாடநூலில் உள்ள ஒரு வரிதான். 1911ஆம் ஆண்டில் கிறிப்ஸ் வீதியருகே, மதகொன்றை மூடியிருந்த கற்பலகையின் அடிப்புறத்தில் எழுத்துக்கள் இருப்பதைத் தொமாலின் என்னும் பொறியியலாளர் கண்டார். எழுத்து முகம் மண்ணை நோக்கிக் கிடந்ததனாற் போலும் இவ்வளவாவது எஞ்சியது. ஊரார் அதன் முதுகின்மேல் நடந்து திரிந்திருக்கின்றனர்!

சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ, 1409ஆம் ஆண்டு நாளிட்டுச் சீனத்திற் பொறித்துக் கப்பலிற் கொணர்ந்த கல் அது. அதிற் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் உள்ளன. காணிக்கைகளின் பட்டியல் ஏறக்குறைய ஒன்றே: 1000 பொன், 5000 வெள்ளி, பட்டு, வாசனைத் தைலம். ஆனால் சீன மொழியில் அவை புத்தருக்கு. தமிழில் தெனாவரை நாயினாருக்கு. பாரசீகத்தில் இஸ்லாத்தின் பேரொளிக்கு. தெனாவரை என்பது காலிக்குக் கிழக்கேயுள்ள தேவேந்திரமுனை. அங்கிருந்த பெருங்கோயிலைப் போர்த்துக்கீசர் 1588இல் அழித்தனர். தென்கோடித் துறையொன்றிற் பேச வந்த சீனன், அங்கே தமிழும் வேண்டுமென்று தன் நாட்டிலேயே அறிந்திருந்தான். அக்கல்லைப் பற்றிப் பல்லாண்டு கற்பித்த எனக்கோ, அவ்வூர்த் திண்ணையிற் தமிழில் வினவலாமென்று தோன்றவில்லை.

திரும்பும் வழியிற் கொழும்பில் தங்கி, மறுநாட் காலை நூதனசாலைக்குச் சென்றேன். பாரசீகப் பகுதி பெரிதும் தேய்ந்துள்ளது. சீன எழுத்து வலப்பக்கத்தே நிற்க, இடப்பக்கத்தின் மேற்பாதியிலே தமிழ். பழைய வடிவமாதலால் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டியிருந்தது. முதல் வகுப்புப் பிள்ளை போல விரலைக் காற்றில் ஓட்டி ஓட்டிப் படித்தேன். 'நாயினார்' என்னும் சொல் பிடிபட்டதும் குறிப்புப் புத்தகத்தில் அவ்வெழுத்துக்களை அப்படியே வரைந்துகொண்டேன். அடுத்தமுறை காலிக்குப் போகும்போது அந்தச் சிறுவனிடம் காட்டி, இது என்ன எழுத்து என்று கேட்பதாக எண்ணம்.