பனி வருமுன் சொல்லும்



எங்கள் ஃபிரிஸ்கோ தட்டையான ஊர். பனி பார்க்க வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டால் வெளியே கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும். போன குளிர்காலம் சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய், அங்கிருந்து தாஹோ ஏரிக்குப் போனோம்.

இரண்டு நாள் புயல் ஓய்ந்த காலை. வானம் நீலம். வீதியோரம், செங்குத்தான மலையடியில் பிள்ளைகளை விளையாட விட்டோம். "இனி என்ன பயம் மச்சான், வெயில் எறிக்குது" என்றார் தங்கையின் கணவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவ்வழியே போன ஒருவர் வாகனத்தை நிறுத்தி, "உடனே விலகுங்கள்" என்றார். விலகினோம். அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பிறகு தேடி வாசித்தேன். பசிபிக் கடலின் ஈரக்காற்று அந்த மலைகளில் ஒரே புயலில் பல அடி பாரமான பனியைக் கொட்டும். அது பழைய பனியோடு ஒட்டுமுன் பாரம் கூடினால் முழுத்தட்டாக வழுக்கி வரும். 30 முதல் 45 பாகை வரையான சாய்வே அதிக ஆபத்து. புயல் நேரமும், அடுத்த ஓரிரு நாளும் மிகுந்த கவனம் வேண்டும். கொலராடோவில் கணக்கு வேறு. அங்கே அடியில் சீனிபோல் தளர்ந்த படை வாரக்கணக்கில் கிடக்கும்.

1982 மார்ச் 31 அன்று தாஹோவின் அல்பைன் மெடோஸில் பனிச்சரிவு வாகனத் தரிப்பிடம் வரை வந்து ஏழு பேரைக் கொன்றது. புதையுண்ட அன்னா கொன்ராட் என்ற இளம்பெண் ஐந்தாம் நாள் உயிரோடு மீட்கப்பட்டார். அது அபூர்வம். முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைப்பது கடினம். ஆகவே வளர்ந்த பிள்ளைகள் காட்டுமலைக்குப் போனால் சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கவேண்டும். பயிற்சியும் வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது எங்கள் கரையில் முன்கூட்டிச் சொல்ல எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. பனிக்கு இங்கே இருக்கிறது. சியரா பனிச்சரிவு மையமும் கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையமும் குளிர்காலத்தில் நாள்தோறும் ஆபத்தை ஒன்று முதல் ஐந்து வரை அளவிட்டு அறிவிக்கின்றன. மூன்றை நடுத்தரம் என்று எண்ணாதீர்கள். அதிகம் பேர் இறப்பது அந்த மூன்றில்தான்.

புறப்படுமுன் அதை ஒருமுறை பாருங்கள். சொல்ல ஆளில்லாமல் இழந்தவர்கள் நாங்கள். சொல்லியும் கேளாமல் இழக்க வேண்டாம்.