கடைத் தேங்காயும் வழிப் பிள்ளையாரும்

(அறக்கட்டளை ஆண்டு விழாவில் செயலவை உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். பழக்கம் விடவில்லை, இன்றும் ஒரு பாடம் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு அறிமுகமான வணிகர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். "வாத்தியாரையா, என் கடைவீட்டைக் கோயிலுக்கு எழுதி வைக்கிறேன்" என்றார். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அடுத்து, "வாடகையை மட்டும் நானே வாங்கிக்கொள்கிறேன். கடன்காரர்கள் வழக்குப் போடுவதற்குள் பெயர் மாற்றிவிட வேண்டும்" என்றார். கடன் கொடுத்தவர்களில் ஒருவர் அவர் கடைக் கணக்குப்பிள்ளை. மகள் திருமணத்திற்காகச் சேர்த்த பணம் அது.

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதுதான் இது.

இத்தகைய தந்திரம் புதியதல்ல. இங்கிலாந்தில் 1571ஆம் ஆண்டிலேயே இதற்கெதிராகச் சட்டம் வந்தது. அதன்கீழ் வந்த ஒரு வழக்கில், கடனாளி தன் உடைமை முழுவதையும் ஒருவருக்கு இரகசியமாக எழுதிக் கொடுத்தார். ஆனால் ஆடுகளைத் தானே வைத்திருந்து, தன் அடையாளத்தையே அவற்றுக்கு இட்டார். அதுவே ஏமாற்றுக்குச் சான்றாயிற்று. நம் வணிகர் கேட்ட வாடகையும் அந்த ஆட்டு அடையாளம் போன்றதே.

நம் நாட்டின் 1967ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டப்படி, விலை பெறாமல் சொத்தை எழுதிக் கொடுத்தவர் 2 ஆண்டுக்குள் திவாலானால் அந்தக் கொடை செல்லாது. 5 ஆண்டுக்குள் என்றால், அச்சொத்து இல்லாமலே அவரால் கடனையெல்லாம் அடைக்க முடிந்திருக்கும் என்று பெற்றவர் மெய்ப்பிக்க வேண்டும். கோயிலாயினும் கேள்வி கேள்விதான்.

செயலவை மறுத்துவிட்டது. அவர் கோபித்துக்கொண்டு மைத்துனர் பெயருக்கு மாற்றினார். இன்று மைத்துனர், "வீடு என்னுடையது" என்கிறார். வழக்காடினால் எதற்காக மாற்றினேன் என்பதைத் தம் வாயாலேயே சொல்ல வேண்டுமே!

மலாயாவில் முன்பு ஒரு தந்தை, ரப்பர் விதிமுறைகளைத் தவிர்க்க 40 ஏக்கரை மகன் பெயருக்கு மாற்றினார். பிறகு திருப்பிக் கேட்டார். 1962இல் பிரிவி கவுன்சில், தவறான நோக்கத்தைச் சொல்லி உதவி கேட்பவருக்கு நீதிமன்றம் கைகொடுக்காது என்றது. நிலம் மகனுக்கே நின்றது.

வணிகருக்கு வீடு போயிற்று. கணக்குப்பிள்ளைக்குப் பணம் இன்னும் வரவில்லை. நாம் மறுத்ததோடு என் கடமை முடிந்ததென்று அன்று இருந்துவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி, வழக்கறிஞரிடம் அழைத்துப் போயிருக்கலாம். அந்த உறுத்தல் இன்றும் உண்டு.

ஆகவே, நன்கொடையாளர்களே, நிலமோ வீடோ தர விரும்பினால் முதலில் கடனைத் தீர்த்துவிட்டு வாருங்கள். தீர்த்தபின் மிஞ்சுவது பத்து வெள்ளியானாலும், அதைத் தலை நிமிர்ந்து உண்டியலில் இடலாம். நாங்களும் தலை நிமிர்ந்து பெற்றுக்கொள்வோம்.