நமக்காகக் காத்திருப்பவர் யார்?

(நமது சங்கத்தின் பொங்கல் விழாவில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பந்திக்கு இலை போட்டாகிவிட்டது என்று தெரியும். ஐந்தே நிமிடம்தான் பேசுவேன்.

"இந்த வயசுக்கு மேல கத்துக்கிட்டு என்ன ஆகப்போகுது?" மாலை நடைப்பயிற்சியில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. எழுபது வயதுக்காரர் மட்டுமல்ல, நாற்பது வயதுக்காரரும் சொல்கிறார்.

கேரளாவில் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மாவைப் பலருக்குத் தெரிந்திருக்கும். கோயில்களைக் கூட்டிப் பெருக்கிப் பிள்ளைகளை வளர்த்தவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. 2018-ல், 96 வயதில், மாநில எழுத்தறிவுத் தேர்வு எழுதி, நூற்றுக்கு 98 வாங்கி முதலிடம் பிடித்தார். அவருக்கு ஆசையைத் தூண்டியது மகள்தான். மகள் அறுபதை ஒட்டிய வயதில் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வில் தேறியிருந்தார். 2020-ல் குடியரசுத் தலைவர் கையால் நாரி சக்தி விருது பெற்றார் அந்த அம்மா.

நம் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' வெளிவரத் தொடங்கியது 1940-ல். அப்போது அவர் எண்பது வயதைத் தாண்டியிருந்தார். ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942-ல் அவர் மறையும்போது தொடர் முடிந்திருக்கவில்லை. முடிப்போமா என்று யோசித்திருந்தால் அவர் தொடங்கியிருக்கவே மாட்டார்.

இருவருக்கும் மன உறுதி இருந்தது, சரி. இன்னொன்றும் இருந்தது. அந்த அம்மாவுக்குப் பாடம் சொல்லித்தர ஓர் ஆசிரியை இருந்தார், ஒரு தேர்வுத் தேதி இருந்தது. ஐயருக்கு அடுத்த இதழை எதிர்பார்க்கும் வாசகர்கள் இருந்தார்கள். ஆக, அவர்களுக்காக யாரோ காத்திருந்தார்கள்.

பணி ஓய்வு பெறும்போது நம்மிடமிருந்து போவது சம்பளம் மட்டுமல்ல. காலையில் நமக்காகக் காத்திருந்த மேசையும் மனிதர்களும் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் வெளியூர் போன பிறகு பல அம்மாக்களுக்கும் இதே நிலைதான். தொலைக்காட்சி நமக்காகக் காத்திருப்பதில்லை. நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது ஓடும்.

படிக்க ஆசைப்படுபவர்களுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு எழுத உச்ச வயது வரம்பு இல்லை. இக்னோவின் பெரும்பாலான பட்டப் படிப்புகளுக்கும் இல்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு யோசனை. சங்க அலுவலகத்தில் இன்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இடப்பக்கம், 'சொல்லித்தர முடியும்'. வலப்பக்கம், 'கற்றுக்கொள்ள ஆசை'. வங்கியில் முப்பது வருடம் கணக்குப் பார்த்தவர் இங்கே இருக்கிறார். கணக்கென்றால் பயப்படும் பிள்ளையும் இருக்கிறது. கைப்பேசியில் பணம் அனுப்பக் கற்க விரும்பும் பாட்டியும், சொல்லித்தரக்கூடிய கல்லூரி மாணவியும் ஒரே மாடியில் இருக்கிறார்கள். நம் காவலாளிகளும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களும் அந்த நோட்டில் பெயர் எழுதலாம். எழுதத் தெரியாவிட்டால், அவர்கள் பெயரை நாம் எழுதுவோம், அடுத்த பொங்கலுக்கு அவர்களே எழுதட்டும்.

சனிக்கிழமை மாலை 5 மணிக்குச் சங்கக் கூடம் திறந்திருக்கும். வாருங்கள். அங்கே ஒருவர் உங்களுக்காகக் காத்திருப்பார்.