விசைப்பலகை பிள்ளைகள் கையில் இருக்கட்டும்



“இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லியா கொடுக்க வேண்டும்?” என்று நம்மிடையே அடிக்கடி பேசிக்கொள்கிறோம். அமெரிக்கா, ஜெர்மனி, டென்மார்க் உள்ளிட்ட நாடுகளின் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் 2018-இல் நடந்த ஐசிஐஎல்எஸ் என்ற பன்னாட்டு ஆய்வு, சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்கிறது. தகவலைத் தேடி, நம்பலாமா என்று எடைபோட்டு, பிறருக்குப் பயன்படும்படி தொகுத்துத் தரும் உச்ச நிலையை எட்டியவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். அலைபேசியில் விரல் ஓடும் வேகத்தை நாம் திறமை என்று எண்ணிவிட்டோம்.

பிள்ளைகள் தங்களைப் பற்றிச் சொல்வதை வைத்தும் கணக்குப் போட முடியாது. அதே ஆய்வில் பெரும்பாலான நாடுகளில் கணினி, தகவல் திறனில் முந்தியவர்கள் பெண் பிள்ளைகள். ஆனால் நிரல் எழுதுவது, வலைத்தளம் அமைப்பது போன்றவற்றில் ‘என்னால் முடியும்’ என்று துணிந்து சொன்னவர்களில் ஆண் பிள்ளைகளே அதிகம். கணினி வழிச் சிந்தனையை, அதாவது ஒரு சிக்கலைக் கணினி தீர்க்கும்படி படிகளாக அமைக்கும் திறனை, தனியே அளந்தபோது ஆண் பிள்ளைகள் சராசரியில் சற்று முந்தினார்களே என்று ஒருவர் கேட்கலாம். முந்தினார்கள், ஆனால் மிகச் சிறிதளவே. தன்னம்பிக்கையில் தெரிந்த இடைவெளியை அது நியாயப்படுத்தாது. ஆகவே தயங்கும் பிள்ளையைத் திறனற்றவள் என்றும், தயங்காத பிள்ளையைத் தேர்ந்தவன் என்றும் முடிவு கட்டுவது தவறு.

அந்தத் தயக்கம் எப்படி நீங்கும்? உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதிய கட்டுரை, தானே செய்து முடித்த அனுபவமே தன்னம்பிக்கைக்கு முதன்மையான ஊற்று என்றது. பிறர் செய்வதைப் பார்ப்பதும் ஊக்கச் சொற்களும் அதற்கு அடுத்தபடிதான். மகள் திணறும்போது மென்பொருள் துறையில் இருக்கும் அப்பா மவுஸை வாங்கி இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுத்தால், வேலை முடிகிறது. நம்பிக்கை அப்பாவிடமே தங்கிவிடுகிறது. ஏற்கெனவே திரையை விட்டு விலகாத பிள்ளைகளை இன்னும் அதன் முன் உட்கார வைப்பதா என்ற கவலை நியாயமானது. நான் கேட்பது கூடுதல் நேரத்தை அல்ல. இருக்கும் நேரத்தில் பார்ப்பதைக் குறைத்து, செய்வதைக் கூட்டச் சொல்கிறேன்.

இதில் நம் தமிழ்ப் பள்ளிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: தமிழ்த் தட்டச்சு. தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்திருக்கின்றன. ஆங்கில எழுத்துகளை வைத்தே தமிழைத் தட்டச்சு செய்து பழகிய பெற்றோருக்கும் அது புதிது. பெரியவர்களும் முதல் எழுத்திலிருந்து தடுமாறும் இடத்தில், தடுமாறுவது பிள்ளைகளுக்கு வெட்கமாகத் தோன்றாது. அடுத்த ஆண்டு விழா மலரைத் தட்டச்சு செய்வது, பிழை திருத்துவது, பக்கம் அமைப்பது ஆகிய மூன்றையும் பதின்ம வயதினரிடமே ஒப்படைக்குமாறு பள்ளிச் செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பிழைகள் வரும். அவற்றைச் சுட்டிக்காட்டுவது நம் வேலை. திருத்துவது அவர்கள் வேலையாகவே இருக்கட்டும்.