கத்தியா? கண்காணிப்பா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா மேடையில் நோயைப் பற்றிய பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். அதுவும் ஆண்கள் தம் மனைவியரிடமும் சொல்லக் கூசும் நோய். கூச்சத்தினால் விளையும் கேடு பெரிதாதலின் துணிந்து பேசுகின்றேன். நான் மருத்துவன் அல்லேன். இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன். என் தமையனார்க்குப் புராஸ்டேட் புற்றுநோய் கண்டபோது நாங்கள் கற்றதையே கூறுகின்றேன்.

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பையின் கீழ் அமைந்த சிறு சுரப்பி. வயது ஏற ஏற அது பருப்பது இயல்பு. பருத்ததெல்லாம் புற்று அன்று. பி.எஸ்.ஏ. என்னும் இரத்தச் சோதனை ஐயத்தை எழுப்பும். திசுவை எடுத்து ஆராய்ந்தே நோயை உறுதி செய்வர்.

தமையனார்க்கு அப்போது வயது 58. புற்று தொடக்க நிலையில் இருந்தது. மெல்ல வளரும் வகை. "உடனே அறுத்து எறியச் சொல்லுங்கள்" என்று அண்ணியார் அழுதார். நானும் அதையே வற்புறுத்தினேன். மருத்துவரோ, "அவசரம் வேண்டாம். அறுவை ஒரு வழி. கண்காணிப்பு மற்றொரு வழி. எண்ணிச் சொல்லுங்கள்" என்றார்.

பிரிட்டனில் 1999 முதல் 2009 வரை தொடக்க நிலையில் நோய் கண்டவர்களுள் 1,643 பேரைக் குலுக்கல் முறையில் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்று பிரிவாக்கி ஆராய்ந்தனர். பதினைந்து ஆண்டு முடிவு 2023-இல் வெளிவந்தது. இந்நோயால் இறந்தோர் கண்காணிப்பில் 3.1 விழுக்காடு, அறுவையில் 2.2; கதிர்வீச்சில் 2.9. பெரிய வேற்றுமை இல்லை. ஆனால் நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியது கண்காணிப்பில் 9.4 விழுக்காடு, அறுவையில் 4.7. கண்காணிப்பில் இருந்தோரில் 61 விழுக்காட்டினர் பின்னர்ச் சிகிச்சை பெற்றனர்.

அறுவைக்கும் விலை உண்டு. ஆறு திங்கள் கழித்து 46 விழுக்காட்டினர் சிறுநீர்க் கசிவுக்காக அணைத்துணி அணிய நேர்ந்தது. ஆறு ஆண்டு கழித்தும் 17 விழுக்காட்டினர்க்கு அத்தொல்லை இருந்தது. இல்லற வாழ்வும் பலர்க்குக் குன்றிற்று.

தமையனார் கண்காணிப்பையே விரும்பினார். அலுவலக நண்பர் ஒருவரோ, "நோயை உள்ளே வைத்துக்கொண்டு எனக்கு உறக்கம் வராது" என்று அறுவை செய்துகொண்டார். இருவர் முடிவும் அவரவர்க்குச் சரியே.

கண்காணிப்பு என்பது வாளா இருத்தல் அன்று. மஞ்சள் விளக்கைக் கண்ட ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, நிறுத்தவும் ஆயத்தமாகச் செல்வதைப் போன்றது அது. உரிய காலத்தில் இரத்தச் சோதனை, எம்.ஆர்.ஐ. படம், மீண்டும் திசுச் சோதனை ஆகியன வேண்டும். நோய் முனைந்தால் சிகிச்சைக்கு மாறிவிடவேண்டும். மறு ஆண்டு, "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று தமையனார் ஏழு திங்கள் சோதனைக்குப் போகவில்லை. புற்று என்று கேட்ட நாளைவிட அன்றுதான் எனக்கு அச்சம் மிகுந்தது. நல்வேளையாக நோய் வளர்ந்திருக்கவில்லை. இப்பொழுது சோதனை நாளை அண்ணியாரே நாட்காட்டியில் குறித்து வைக்கின்றார்.

முற்றிய நோய்க்கும் விரைந்து வளரும் வகைக்கும் இவ்வழி பொருந்தாது. ஆகவே, "எவ்வகைப் புற்று? பரவியுள்ளதா? என் வயதுக்கும் மற்ற நோய்களுக்கும் எது ஏற்றது?" என்று மருத்துவரிடம் தயங்காது கேளுங்கள். ஐயமிருப்பின் இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள். 1973-இல் தோன்றிய கித்வாய் புற்றுநோய் நிலையம் நம் நகரிலேயே உள்ளது.

தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அஞ்சி அவசரப்படுத்தாதீர்கள், அவர் மனத்தைக் கேளுங்கள். முடிவு அவருடையதாகவும், காவல் உங்களுடையதாகவும் இருக்கட்டும்.