டோ எங்கே இருக்கு? கொயர் நோட்ஸ் பற்றி ஒரு எபிசோட்

வடபழனியிலிருந்து பேசுறேன். இன்னைக்கு டாபிக் கொயர் பாடுறவங்க கையில வெச்சிருக்கிற நோட்ஸ். அதுவும் ரொமான்டிக் காலத்து இசை: மெண்டல்சனோட 'எலைஜா' (1846), பிராம்ஸோட 'ஜெர்மன் ரெக்வியம்' (1868) மாதிரி. சென்னைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டீங்கன்னா, மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் கொயர் ஆரம்பிச்சது 1893-ல. பிராம்ஸ் அப்போ உயிரோட இருந்தார்!

எங்க ஏரியா ஸ்டூடியோ ஏரியா. சினிமா ரெக்கார்டிங்ல வயலின்காரர் முன்னாடி அவரோட பார்ட் மட்டும்தான் இருக்கும். கொயர்ல அப்படி இல்ல. சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் நாலும், கீழே பியானோவும் சேர்ந்த வோக்கல் ஸ்கோர் ஒவ்வொருத்தர் கையிலும் இருக்கும். பக்கத்துல இருக்கிறவர் என்ன பாடுறார்னு பாத்துக்கிட்டே பாடலாம். 1840-கள்ல லண்டன் நொவெல்லோ கம்பெனி இதைச் சின்ன சைஸ்ல, மலிவு விலையில அச்சடிச்ச பிறகுதான் சாதாரண ஆட்கள் கையிலயும் அது வந்தது.

இன்னைக்கு விலையே இல்ல. 1998-ல தொடங்கின கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி, 2006-ல வந்த ஐஎம்எஸ்எல்பி, ரெண்டுலயும் இலவசமா டவுன்லோட் பண்ணலாம். இந்தியச் சட்டப்படி படைப்பாளி இறந்து 60 வருஷம் வரைக்கும்தான் காப்புரிமை. பிராம்ஸ் போனது 1897-ல. (புது மொழிபெயர்ப்பு, புதுப் பதிப்புக்குத் தனி உரிமை இருக்கலாம், அதைப் பாத்துக்கோங்க.)

சரி, பிரச்சினை தீர்ந்ததான்னா, இல்ல. அந்த பிடிஎஃப் எல்லாம் அஞ்சு கோடு போட்ட ஸ்டாஃப் நோட்டேஷன். நம்ம ஊர் சர்ச் கொயர்ல எத்தனையோ பெரியவங்க படிக்கிறது டானிக் சோல்ஃபா: டோ, ரே, மீ எழுத்துகள், நடுவுல காலத்துக்குப் புள்ளி, கோடு. நார்விச் ஊர்ல சாரா குளோவர் தொடங்கி, ஜான் கர்வன் வளர்த்தெடுத்த முறை. நம்ம காதுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. நம்ம 'ஸ' மாதிரியே டோவும் எந்தச் சுருதியிலயும் உக்காரும்.

எங்க அபார்ட்மென்ட்ல ஒரு அங்கிள், டெனர். நாப்பது வருஷமா சோல்ஃபாதான். "தம்பி, நீங்க கம்ப்யூட்டர்காரர்தானே, இதை மாத்திக் கொடுங்களேன்"னு ஒரு பிராம்ஸ் பிரிண்ட்அவுட் கொடுத்தார். மியூசிக்எக்ஸ்எம்எல் ஃபைல் இருந்தா ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் போதும்னு தோணும். சாதாரண கீர்த்தனைக்குப் போதும்தான்.

ரொமான்டிக் இசையில இடிக்குது. டி மேஜர்ல ஒரு ஜி ஷார்ப் வருதுன்னு வைங்க. டோ டி-யிலேயே இருந்தா அது 'ஃபீ'. பாட்டு ஏ மேஜருக்கு நகர்ந்துடுச்சுன்னா அதே சுரம் 'டீ'. கர்நாடக சங்கீதத்துல சொன்னா கிரகபேதம்: பஞ்சமத்தை ஸ ஆக்கினா பிரதி மத்யமம் காகலி நிஷாதம் ஆகுது. சோல்ஃபாவுல இந்த மாற்றத்துக்குப் பழைய டோ கணக்குல ஒரு சின்ன எழுத்து, பக்கத்துல புதுக் கணக்குல பெரிய எழுத்து போடுவாங்க. பாலம் மாதிரி.

ஆனா எந்த இடத்துல பாலம் போடணும்? ஃபைல்ல இருக்காது. கீ சிக்னேச்சர் மாறாமலேயே பிராம்ஸ் நாலு பார்ல ரெண்டு ஊர் போயிட்டு வந்துடுவார். தப்பான இடத்துல டோவை மாத்தினா பாடுறவங்க சுருதி போயிடும். அதைக் காதுதான் முடிவு பண்ணணும். அந்தக் காலத்துல நொவெல்லோ போட்ட சோல்ஃபா பதிப்புகள்ல யாரோ ஒருத்தர் உக்காந்து இதை முடிவு பண்ணித்தான் அச்சுக்கு அனுப்பியிருக்கார். அந்த வேலை இலவச பிடிஎஃப்ல இல்ல.

அதனால வீட்டுல தாத்தா காலத்து சோல்ஃபா புத்தகம் இருந்தா பழைய பேப்பர் கடைக்குப் போடாதீங்க, முதல்ல ஸ்கேன் பண்ணுங்க. என் ஸ்கிரிப்ட் இப்போ சந்தேகமான பார்களை மஞ்சள்ல காட்டிட்டு நின்னுடும். மீதிக்கு அங்கிள் சனிக்கிழமை பென்சிலோட வர்றார்.